ராத்திரி உங்கள் கார் எங்கே நிற்கும்?

வாசகர் கேள்வி, சுருக்கமாக: வீட்டிலிருந்து அலுவலகம் 34 கி.மீ., போக வர 68. வாரத்தில் ஐந்து நாள். முக்கால்வாசி நெடுஞ்சாலை, கடைசி ஏழெட்டு கிலோமீட்டர் நெரிசல். வருடத்துக்கு மூன்று தடவை 420 கி.மீ. தள்ளி இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போவோம். அடுக்குமாடிக் குடியிருப்பு, கீழே எனக்கென்று ஒரு பார்க்கிங் இடம் உண்டு, ஆனால் அங்கே ப்ளக் பாயிண்ட் இல்லை. ஷோரூமில் "பிளக்-இன் ஹைப்ரிட் எடுங்கள், கரண்டும் இருக்கும் பெட்ரோலும் இருக்கும், கவலையே இல்லை" என்கிறார்கள். மனைவி முழு எலெக்ட்ரிக்தான் வேண்டும் என்கிறார். எட்டு வருடத்தில் பேட்டரி போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். பத்து வருடமாவது வைத்து ஓட்ட எண்ணம். எதை எடுக்கலாம்?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெற்றோர் வீட்டுப் பயணத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பார்க்கிங்கில் ப்ளக் இல்லை என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் பட்டது. ஹைப்ரிட், எலெக்ட்ரிக் இரண்டையும் பழுது பார்க்கும் பட்டறையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வாங்கி ஒரு வருடம் ஆவதற்குள் "ஏன்தான் இதை எடுத்தேனோ" என்று வந்து நிற்பவர்களிடம் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: விலை பார்த்திருப்பார்கள், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்ற ரேஞ்ச் பார்த்திருப்பார்கள், கலர் கூட மூன்று வாரம் யோசித்திருப்பார்கள், ராத்திரி அந்தக் கார் எங்கே நிற்கும், அங்கே கரண்ட் வருமா என்பதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பார்க்கிங் இடத்துக்கு ஒரு லைன் இழுக்க முடியும் என்றால் முழு எலெக்ட்ரிக் எடுங்கள், உங்கள் மனைவி சொல்வது சரி. இழுக்கவே வழியில்லை, அலுவலகத்திலும் சார்ஜ் போட முடியாது என்றால் எலெக்ட்ரிக்கும் வேண்டாம், பிளக்-இன் ஹைப்ரிட்டும் வேண்டாம். ப்ளக்கே இல்லாத சாதாரண ஹைப்ரிட்டைப் பாருங்கள். உங்களிடம் இந்த மூன்றாவது வழியை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரண ஹைப்ரிட்டில் இருப்பது ஒன்று, ஒன்றரை யூனிட் பிடிக்கும் குட்டி பேட்டரி. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை அதில் சேர்த்து, கார் நகர ஆரம்பிக்கும்போது எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். 1997-ல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்த காலத்திலிருந்து இருக்கிற, நன்றாகத் தேறிய ஏற்பாடு. பிளக்-இன் ஹைப்ரிட்டில் அந்த பேட்டரி 10 யூனிட், 15 யூனிட், சிலவற்றில் 20-க்கும் மேல் என்று பெரிதாகிவிடுகிறது, கூடவே சுவரிலிருந்து சார்ஜ் ஏற்ற ஒரு வாய். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற பணம் முழுக்க அந்த பேட்டரிக்கும் அந்த வாய்க்கும்தான். தினமும் ப்ளக் போட்டால் கொடுத்த பணம் திரும்பி வரும். போடாவிட்டால் நூறு கிலோவுக்கு மேல் கனத்தை சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடுகிற வண்டி அது.

இப்போது யோசித்துப் பாருங்கள், தினமும் ராத்திரி ப்ளக் போட ஓர் இடமும் பழக்கமும் உங்களுக்கு இருக்கிறது என்றால், எலெக்ட்ரிக் கார் கேட்பதும் அதைத்தானே? பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு வேண்டிய அதே ப்ளக் பாயிண்ட், அதே கேபிள், அதே ஆறு மணி நேரம். அதைவிடப் பெரிய வசதி எதுவும் வேண்டியதில்லை. "எலெக்ட்ரிக் எடுக்க வசதி இல்லை, அதனால் பிளக்-இன் எடுக்கிறேன்" என்று சொல்பவர்களைத் தடுத்து நிறுத்தி உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் வழியையே கணக்குப் போடுவோம். ஷோரூமில் காட்டிய வண்டி கரண்டில் 60 கி.மீ. போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சோதனைக்கூட எண். பெட்ரோல் காரில் நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும், நெரிசலில் குறையும் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. கரண்டில் ஓடும்போது இது அப்படியே மாறிவிடும். நெரிசலில் நின்று நின்று போனால் நிற்கும் நேரத்தில் மோட்டார் எதையும் குடிக்காது, ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் திரும்பியும் வரும். நெடுஞ்சாலையில்தான் பேட்டரி கரையும், ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. உங்களுக்கு முக்கால்வாசி நெடுஞ்சாலை. ஏசி போட்டு, 100, 110-ல் போனால் 60 என்பது 45 ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 68-ல் பாக்கி 23 கி.மீ. தினமும் பெட்ரோல். வருடத்துக்கு 240 வேலை நாள் என்றால் 5,500 கி.மீ. சொச்சம். பெற்றோர் வீட்டுப் பயணம் மூன்று தடவையும் சேர்த்து 2,520. ஆக வருடத்தில் ஓடுகிற சுமார் 18,800 கி.மீ.யில் 8,000 பெட்ரோலில் போகும். ஒரு நாள் கூட மறக்காமல் ப்ளக் போட்டால் வருகிற கணக்கு இது.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே மாடல், ஒரே வருடத்து வண்டிகள் இரண்டு ஒரே வாரத்தில் சர்வீசுக்கு வந்தன. வாங்கிய நாளிலிருந்து எவ்வளவு குடித்தது என்று திரையில் வரும் இல்லையா, அதைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றில் 100 கி.மீ.க்கு 1.9 லிட்டர். இன்னொன்றில் 7.6. முதல் வண்டிக்காரருக்கு அலுவலகம் 20 கி.மீ., வீட்டில் சொந்த ஷெட், உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றுவது மாதிரி ப்ளக் போட்டுவிடுவார். இரண்டாமவருக்கு வண்டியைக் கம்பெனி கொடுத்தது, பெட்ரோல் கார்டையும் கம்பெனியே கொடுத்தது. ப்ளக் போட்டால் கரண்ட் பில் அவர் தலையில், பெட்ரோல் போட்டால் கம்பெனி தலையில். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் வண்டியை நினைத்தால் வருத்தமாகத்தான் இருந்தது.

இது ஏதோ ஓரிருவர் கதை என்று விடவும் முடியாது. ஐரோப்பாவில் 2021 முதல் புதுக் கார்களில் எரிபொருள் எவ்வளவு செலவானது என்று வண்டியே குறித்து வைக்கும் கருவி கட்டாயம். அப்படிச் சேர்ந்த விவரங்களை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, சான்றிதழில் இருப்பதைவிட சராசரியாக மூன்றரை மடங்கு என்று வந்தது. சோதனைக்கூடம் நினைத்த அளவுக்கு மக்கள் சார்ஜ் போடுவதில்லை, முக்கியக் காரணம் அதுதான். கருவியில் குறை இல்லை, ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில்தான் குறை.

எஞ்சின் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. பிளக்-இன் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் "எஞ்சின் எப்போதாவதுதானே ஓடுகிறது, அது நீண்ட நாள் உழைக்கும்" என்று நினைப்பார்கள். எஞ்சினுக்குப் பிடித்தது ஒழுங்காகச் சூடேறி அரை மணி நேரம் ஓடுவது. மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் விழித்து, இரண்டு நிமிடம் உறுமி, மறுபடி தூங்கப்போனால் அது சூடே ஏறாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். போன மாதம் ஒரு வண்டி, டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நிற்கிறது. யாரும் ஆயில் ஊற்றவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை. விரல் இரண்டுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தால் வழுவழுப்பே இல்லாமல் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. கிலோமீட்டர் குறைவாகத்தானே ஓடியிருக்கிறது என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருந்தார். இந்த வண்டிகளில் கிலோமீட்டரை மட்டும் பார்க்கக் கூடாது, மாதத்தையும் பார்க்க வேண்டும். பெட்ரோலும் டாங்கிலேயே கிடந்து பழசாகும். 2010 கடைசியில் வந்த செவர்லே வோல்ட்டில் இதற்காகவே ஓர் ஏற்பாடு உண்டு: ஆறு வாரம் போல எஞ்சின் ஓடாமல் இருந்தால் தானே கொஞ்ச நேரம் ஓட்டிக்கொள்ளும், டாங்கில் இருக்கும் பெட்ரோல் ஒரு வருடம் பழையதானால் எரித்துத் தீர்க்கப் பார்க்கும். உங்கள் வழியில் தினமும் 23 கி.மீ. எஞ்சின் ஓடும் என்பதால் இந்தத் தொல்லை உங்களுக்குக் குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெல்ட், சைலன்சர் என்று பெட்ரோல் காருக்கு உண்டான எல்லாமும் இருக்கும், அதற்கு மேல் ஹை வோல்டேஜ் பேட்டரி, மோட்டார், பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வர்ட்டர், அவற்றைக் குளிர்விக்கும் தனி கூலன்ட் எல்லாமும் இருக்கும். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

சரி, எலெக்ட்ரிக் எடுத்தால் உங்கள் ஒரு நாள் எப்படி இருக்கும்? நடுத்தர அளவுக் கார் 100 கி.மீ.க்கு 17 யூனிட் எடுக்கும் என்று வைத்தால் 68-க்குப் பதினொன்றரை யூனிட் சொச்சம், சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாவதையும் சேர்த்தால் 13. சாதாரண 230 வோல்ட் ப்ளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால் மணிக்கு 2.3 யூனிட். ஆறு மணி நேரத்துக்குள் அன்றைக்கு ஓடியது திரும்பி ஏறிவிடும். 16 ஆம்பியர் தனி லைன் இருந்தால் நான்கு மணி நேரம் கூட வேண்டாம். 120 வோல்ட் வரும் ஊராக இருந்தால் சாதாரண ப்ளக்கில் ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும், அப்போதும் ஒரு ராத்திரிக்குள் அடங்கிவிடும். சுவரில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர் பெட்டி இருந்தால் நல்லது, ஆனால் அது இல்லாமல் எலெக்ட்ரிக் ஓட்ட முடியாது என்று யாராவது சொன்னால் உங்கள் 68 கி.மீ.க்கு அது பொருந்தாது.

லைன் இழுப்பதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும், அயர்ன் பாக்ஸ் அவ்வப்போது அணைந்து எரியும். கார் ஆறு மணி நேரம் இடைவிடாமல் ஒரே ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டு வயரிங்கில் வேறு எதுவும் இப்படி இழுப்பதில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்சில் போட்டுச் சார்ஜ் செய்த ஒருவர் கேபிளை என்னிடம் கொண்டுவந்தார். ப்ளக்கின் ஒரு பின் மட்டும் தேன் நிறத்துக்கு மாறி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மெழுகு மாதிரி உருகி ஒரு பக்கம் வழிந்திருந்தது. காரில் ஒரு கோளாறும் இல்லை, சாக்கெட்டுக்குள் இருந்த பித்தளை தளர்ந்து போயிருந்தது, அவ்வளவுதான். அவர் தூங்கிக்கொண்டிருந்த ஆறு மணி நேரமும் அந்த ஓர் இடம் கொதித்திருக்கிறது. அதனால் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை தனி லைன், நடுவில் ஒட்டு இல்லாமல். லோடு மீறினால் லைனை வெட்டும் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் வெட்டும் தனி ஆர்சிசிபி. எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளந்து பார்த்த பிறகே கார். கீழே பார்க்கிங்குக்கு முப்பது, நாற்பது மீட்டர் தூரம் இருக்கும் என்றால் எலெக்ட்ரீஷியன் 2.5 சதுர மி.மீ. வயர் போதும் என்பார், நான் 6 போடச் சொல்வேன், பின்னால் பெரிய சார்ஜர் வைத்தாலும் அதே வயர் உதவும். முதல் வாரம் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறியதும் கீழே போய் ப்ளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அன்றைக்கே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்து 420 கி.மீ. உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற எண் இதுதான் என்று தெரிகிறது. 60 யூனிட் பேட்டரி உள்ள கார், நெடுஞ்சாலையில் 100 கி.மீ.க்கு 20 யூனிட் எடுக்கிறது என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து 100 சதவீதத்தோடு கிளம்பினால் 240 கி.மீ. போகும்போது 20 சதவீதம் பாக்கி இருக்கும். அங்கே ஃபாஸ்ட் சார்ஜரில் 80 வரை ஏற்றுகிறீர்கள், 36 யூனிட், அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். மிச்சம் 180 கி.மீ. ஓடிப் பெற்றோர் வீட்டு வாசலில் நிற்கும்போது மறுபடி 20 சதவீதம் கையில். அங்கே ராத்திரி சாதாரண ப்ளக்கில் 12 மணி நேரம் போட்டாலே 24, 25 யூனிட் பேட்டரிக்குள் போய்விடும், இரண்டு ராத்திரி தங்கினால் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். 80-க்கு மேல் ஃபாஸ்ட் சார்ஜரில் காத்திருக்காதீர்கள், அதற்குப் பிறகு பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசி 20 சதவீதத்துக்கு முன்பு 60 ஏறிய அதே நேரம் ஆனாலும் ஆகும். நீங்கள் நான்கைந்து மணி நேரம் ஓட்டுகிறவர், நடுவில் ஒரு தடவை இறங்கிக் கால் நீட்டாமலா இருப்பீர்கள்? ஒன்று மட்டும் செய்யுங்கள்: அந்த வழியில் 200-லிருந்து 260 கி.மீ.க்குள் எத்தனை சார்ஜர் இருக்கிறது, அதில் எத்தனை வேலை செய்கிறது என்று அடுத்த தடவை இப்போதைய காரில் போகும்போதே இறங்கிப் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு சார்ஜர்தான் என்றால் எனக்கும் கவலைதான்; தள்ளித் தள்ளி மூன்று இடம் இருந்தால் போதும். நீண்ட விடுமுறை தொடங்கும் நாள் காலையில் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள், வரிசை நிற்கும், அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அதாவது வருடத்தில் ஆறு நாள், அதில் ஓரிரு நாள் சிரமம். அதற்காக மீதி 240 வேலை நாளும் 23 கி.மீ. பெட்ரோல் எரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்படும் எலெக்ட்ரிக் கார்களில் பெரிய பேட்டரி தீர்ந்து வந்தவை மிகக் குறைவு. பெரும்பாலும் பழைய கார்களில் இருக்கிற அதே 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்திருக்கும். அது செத்தால் சில கார்களில் கதவுகூடத் திறக்காது, பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தாலும் கார் விழிக்காது. பிளக்-இன் ஹைப்ரிட்டிலும் இதே கதைதான். நான்கு வருடம் ஆனதும் கேட்காமலே மாற்றிவிடுங்கள்.

பேட்டரி எட்டு வருடத்தில் போய்விடும் என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன, அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று. வாரண்டி முடியும் நாளை பேட்டரி சாகும் நாள் என்று யாரோ எடுத்துக்கொண்டார்கள், அது அப்படியே பரவிவிட்டது. இதில் இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் நண்பர்கள் கவனிக்காத ஒன்று. லித்தியம் பேட்டரி தேய்வதற்கு ஒரு காரணம் எத்தனை தடவை முழுசாகக் காலியாகி நிறைகிறது என்பது. பிளக்-இன் ஹைப்ரிட்டின் சின்ன பேட்டரி உங்கள் வழியில் தினமும் காலியாகித் தினமும் நிறையும், வருடத்துக்கு 240 சுற்று, பத்து வருடத்தில் 2,400. எலெக்ட்ரிக்கின் 60 யூனிட் பேட்டரி வருடம் முழுக்க, பெற்றோர் வீட்டுப் பயணமும் சேர்த்து, ஐம்பது அறுபது முழுச் சுற்றுக்கு மேல் போகாது, பத்து வருடத்தில் அறுநூறுக்குள். சின்ன பேட்டரி தாங்க வேண்டும் என்பதற்காக அதன் மேலும் கீழும் கொஞ்சம் தொடாமல் ஒதுக்கி வைத்துத்தான் தயாரிக்கிறார்கள், அதனால் அதுவும் உடனே செத்துவிடாது. ஆனால் பேட்டரிக்குப் பயந்து எலெக்ட்ரிக்கை விட்டுவிட்டு பிளக்-இன் எடுப்பது தலைகீழான பயம். பேட்டரிக்கு நீங்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. லித்தியம் பேட்டரியில் எல்எஃப்பி, என்எம்சி என்று இரண்டு முக்கிய வகை உண்டு. எல்எஃப்பி வகை என்றால் வாரம் ஒரு தடவையாவது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், என்எம்சி வகை என்றால் தினசரிக்கு 80-ல் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். நூறு சதவீதத்தில் வைத்து வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

தட்பவெப்பத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அமெரிக்காவின் ஏஏஏ மோட்டார் சங்கம் 2019-ல் ஐந்து எலெக்ட்ரிக் கார்களைச் சோதித்தது. மைனஸ் 7 டிகிரி குளிரில் ஹீட்டர் போட்டு ஓட்டினால் ரேஞ்ச் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது, 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டால் 17 சதவீதம். உறைபனி விழும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால் குறைந்த கரண்டில் உள்ளே சூடாக்கும் ஹீட் பம்ப் உள்ள மாடலாகக் கேளுங்கள், காலையில் ப்ளக்கைக் கழற்றுவதற்கு முன்பே காரைச் சூடாக்கிவிடுங்கள். 41 சதவீதம் போனாலும் உங்கள் 68 கி.மீ. தாராளமாக ஓடும். 60 கி.மீ. பிளக்-இன்னில் அதே குளிர் வந்தால் பாதி தூரம் பெட்ரோல்தான், சில மாடல்களில் உள்ளே சூடு வருவதற்கே எஞ்சின் ஓட வேண்டும்.

செலவுக்கு ஒரு சின்ன கணக்கு தருகிறேன், எந்த ஊருக்கும் பொருந்தும். எலெக்ட்ரிக் கார் 100 கி.மீ.க்குச் சுவரிலிருந்து இழுப்பது 18, 19 யூனிட். நல்ல சாதாரண ஹைப்ரிட் குடிப்பது 5 லிட்டர், பேட்டரி காலியான பெரிய பிளக்-இன் 6, 7. ஆக ஒரு லிட்டர் பெட்ரோல் விலையும் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் யூனிட் கரண்ட் விலையும் சமம் என்றால் எலெக்ட்ரிக்குக்கும் சாதாரண ஹைப்ரிட்டுக்கும் செலவு ஒன்றே. உங்கள் வீட்டு பில்லை எடுத்துப் பாருங்கள், லிட்டர் விலையில் எத்தனை யூனிட் வருகிறது என்று. ஐந்து, ஆறுக்கு மேல் வந்தால் வீட்டுச் சார்ஜ் நன்றாக மிச்சப்படுத்தும். பிறகு அதே கணக்கைச் சாலையோர ஃபாஸ்ட் சார்ஜர் விலையில் போட்டுப் பாருங்கள், பல இடங்களில் வித்தியாசம் ரொம்பச் சுருங்கிவிடும். வீட்டில் ப்ளக் இல்லாமல் ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி எலெக்ட்ரிக் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாரத்துக்கு இரண்டு தடவை ஆபீஸ் முடிந்து களைத்து வந்து அங்கே நிற்பது ஆறு மாதத்தில் அலுத்துவிடும் என்பது இன்னொன்று.

பிளக்-இன் ஹைப்ரிட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. தினசரி ஓட்டம் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள், வீட்டில் ப்ளக், ஆனால் மாதம் இரண்டு மூன்று தடவை சார்ஜரே இல்லாத பாதையில் நூற்றுக்கணக்கில் ஓட வேண்டும், வீட்டில் அந்த ஒரே கார்தான், அப்படிப்பட்டவருக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. பின்னால் டிரெய்லர் இழுப்பவருக்கும் அப்படித்தான். உங்களுக்கே கூட, வீட்டில் லைன் கிடைக்காமல் அலுவலகத்தில் நிரந்தரமாக ஒரு ப்ளக் கிடைத்தால் பேசிப் பார்க்கலாம், காலையில் போனதும் போட்டால் திரும்பும் வழி முழுக்கக் கரண்ட்தான். ஆனால் அலுவலகம் மாறினால் என்ன செய்வீர்கள் என்பதையும் பத்து வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிளக்-இன் பக்கம் மனம் போனால், ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு முடிவு செய்யாதீர்கள். முழுச் சார்ஜோடு கேளுங்கள், உங்கள் ஆபீஸ் வழியிலேயே, நீங்கள் போகும் நேரத்திலேயே, ஏசி போட்டு ஓட்டுங்கள். எஞ்சின் முதன்முதலில் எந்த இடத்தில் விழிக்கிறது என்று கிலோமீட்டரைக் குறியுங்கள். நெடுஞ்சாலையில் சேரும்போது அழுத்திப் பாருங்கள், மோட்டார் தனியாகத் தள்ளுகிறதா, எஞ்சினைக் கூப்பிடுகிறதா? பேட்டரி காலியானதும் இன்னும் ஒரு 20 கி.மீ. ஓட்டி எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள். அந்த கடைசி எண்ணை ஷோரூமில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். எலெக்ட்ரிக்கையும் அதே வழியில், அதே நேரத்தில் ஓட்டுங்கள், கிளம்பும்போதும் திரும்பும்போதும் சதவீதம் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதெல்லாம் அடுத்த மாதம். இந்த வாரம் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: என் மீட்டரிலிருந்து, என் செலவில், என் இடத்துக்கு ஒரு தனி லைன். எந்த வழியாக வயர் போகும் என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒரு படம் போட்டு வாங்கி அதோடு இணையுங்கள், லோடு போதுமா என்று மின்வாரியத்திலும் கேட்டு எழுதிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று வாயால் சொல்வதை நம்பி எதற்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். சம்மதித்தால் நல்லது. மறுத்தால் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்படியே அனுப்பி வையுங்கள். தீப்பிடிக்கும் பயமா, லோடு போதாமையா, பொதுச் சுவரில் வயர் போகக் கூடாது என்பதா, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.